இரு சக்கர வண்டிக்கு முன்பக்கச் சார்ஜர்: பெட்டியை நீட்டினால் மட்டும் போதுமா?



வாகன உதிரிபாக வியாபாரத்தில் ஒவ்வொரு காலத்திற்கும் ஒரு சரக்கு ஓடும். ஒரு காலத்தில் டாங்க் கவர், சீட் கவர், லெக் கார்டு ஆகியவை ஓடின. பிறகு இரட்டை ஹாரன், கலர் பல்பு ஓடின. இன்றைக்குக் கடைக்கு வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, வண்டியின் முன்பக்கம் ஹாண்டில்பாரில் பொருத்தி செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பாயின்ட்டைத்தான். சிலர் யு.எஸ்.பி. சார்ஜர் என்கிறார்கள். சிலர் காரில் இருப்பதைப் போன்ற வட்ட சாக்கெட் கேட்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பேட்டரியில் உள்ள 12 வோல்ட் மின்சாரத்தை வண்டியின் முன்பக்கத்திற்குக் கொண்டுவந்து, வேறொரு சாமானுக்குக் கொடுப்பது.

சிறிய சரக்குதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். சரக்கு சிறியதுதான். ஆனால் அதை விற்கும் முறையில் மூன்று பேருடைய நலன் அடங்கியிருக்கிறது. வாங்குகிறவரின் பாதுகாப்பு, விற்கிற சில்லறைக் கடைக்காரரின் நல்ல பெயர், அவருக்குச் சரக்கு போடும் நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகளின் நாணயம் ஆகிய மூன்றும்தான் அவை. ஆகவே இதுபற்றி நமக்குத் தெரிந்ததையும், நமது கருத்தையும் இந்த இதழ் வழியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

தேவை வளர்ந்த விதம்

செல்போன் இன்று பலருக்குத் தொழில் கருவியாகிவிட்டது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர், பார்சல் பட்டுவாடா செய்பவர், பைக் டாக்சி ஓட்டுபவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, நம் கடைகளுக்கே ஆர்டர் எடுக்க வரும் லைன் பையன் ஆகிய எல்லோருக்கும் வழி காட்டுவதும், ஆர்டர் வருவதும், பணம் வாங்குவதும் அந்தப் போனில்தான். போன் அணைந்தால் அன்றைய சம்பாத்தியம் நின்றுபோகும். காலையில் வீட்டில் ஏற்றிய சார்ஜ் பிற்பகல் வரைகூட வருவதில்லை.

சட்டமும் இதற்கு ஓரளவு இடம் கொடுத்திருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டி ஓட்டும்போது கையில் போனை வைத்துப் பயன்படுத்துவது அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேரும். ஆனால் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தப்படி, ஓட்டுபவரின் கவனம் கலையாதபடி, வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம். எனவே போனை ஹாண்டில்பாரில் ஹோல்டரில் மாட்டி வைப்பதும், மாட்டியபின் அதற்குச் சார்ஜ் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டன.

வண்டிக் கம்பெனிகளும் இதைக் கண்டுகொண்டன. 2020-இல் வந்த ராயல் என்பீல்டு மீட்டியார் 350 வண்டியில் ஹாண்டில்பாரிலேயே யு.எஸ்.பி. பாயின்ட் வந்தது. 2022-இல் வந்த ஸ்ப்ளெண்டர் பிளஸ் எக்ஸ்டெக் வண்டியிலும் கம்பெனியே அதை வைத்துக் கொடுத்தது. நூறு சி.சி. வண்டிக்கே கம்பெனி பாயின்ட் வந்துவிட்டது என்றால், போகப்போகப் புதிய வண்டிகளுக்கு நம் சரக்கு தேவைப்படாது. ஆனால் அந்த வசதி இல்லாமல் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் ஏராளம். அந்த வண்டிகள் ஓடும்வரை இந்த வியாபாரம் நம்முடையதுதான். அதை நல்ல முறையில் செய்யப் போகிறோமா, கெடுத்துக்கொள்ளப் போகிறோமா என்பதுதான் கேள்வி.

எந்தச் சரக்கு எதற்கு?

கவுன்டரில் நிற்பவருக்கு முதலில் கணக்கு தெரிய வேண்டும். இது பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் படித்த கணக்குதான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும்.

யு.எஸ்.பி. பாயின்ட் 5 வோல்ட் கொடுக்கும். 2.1 ஆம்பியர் என்று அட்டையில் போட்டிருந்தால் 10.5 வாட் ஆகிறது. மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும். வேகமாகச் சார்ஜ் ஏற்றும் 18 வாட் பாயின்ட் என்றால் ஒன்றரை ஆம்பியருக்குச் சற்று மேலாகும். சின்ன வண்டியும் இதைத் தாங்கும்.

வட்ட சாக்கெட் என்பது வேறு கதை. அது காரில் சிகரெட் பற்ற வைப்பதற்காக ஏற்பட்ட அமைப்பு. அதில் 12 வோல்ட் அப்படியே வரும். எதை வேண்டுமானாலும் செருகலாம் என்பதுதான் அதன் வசதி, அதுவேதான் ஆபத்தும். டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரசரைச் செருகினால் 10 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். நூறு சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் உள்ளது 3 அல்லது 4 ஆம்பியர்-அவர் பேட்டரி. என்ஜினை அணைத்துவிட்டு 3 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் இழுத்தால், காகிதக் கணக்கில் 18 நிமிடத்தில் பேட்டரி காலி. நடைமுறையில் அதற்கு முன்பே வோல்ட்டேஜ் விழுந்துவிடும், செல்ப் எடுக்காது. அதிர்வில் இந்த வட்ட பிளக் தளர்ந்து வெளியே வருவதும் உண்டு. இதனால்தான் பி.எம்.டபிள்யூ. போன்ற பெரிய மோட்டார் சைக்கிள்களில், இதைவிடச் சிறியதும் இறுக்கமாகப் பிடிப்பதுமான வேறு சாக்கெட்டை வைக்கிறார்கள். ஆகவே, நூறு சி.சி. வண்டிக்காரர் வட்ட சாக்கெட் கேட்டால் "எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். போனுக்குத்தான் என்றால் யு.எஸ்.பி. பாயின்ட்டையே கொடுப்பது நல்லது.

வண்டியின் மின்சாரமும் அளவுள்ளதுதான். 2017 ஏப்ரல் 1 முதல் இரு சக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிய வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. 35 வாட் பல்பு போட்ட வண்டியில் அதுவே 3 ஆம்பியர் அளவுக்குத் தின்றுகொண்டிருக்கிறது. 2020-இல் பி.எஸ்.6 வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சும் பம்ப்பும் அதை நடத்தும் மின்னணுப் பெட்டியும் வந்துவிட்டன. அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். மிச்சம் இருப்பதில்தான் நம் சார்ஜர் பிழைக்க வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களையும் மறக்கக்கூடாது. ராஜ்தூத், அந்தக் காலத்துப் புல்லட் ஆகியவை 6 வோல்ட் வண்டிகள். ஆசையாகப் பராமரித்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 12 வோல்ட் சார்ஜரை அவர்களுக்கு விற்றால் அது வேலை செய்யாது.

கோளாறு எங்கே வருகிறது?

சார்ஜர் கெட்டுப்போனது என்று திரும்பி வரும் சரக்குகளைப் பார்த்தால், பீஸில் கோளாறு ஒரு பங்கு என்றால் பிட்டிங்கில் கோளாறு இன்னொரு பங்காக இருக்கிறது. வழக்கமாக நடப்பவை இவை.

முதலாவது, ஹெட்லைட் ஒயரில் முடிச்சுப் போடுவது. சார்ஜர் முன்பக்கம் இருக்கிறது, ஹெட்லைட்டும் முன்பக்கம் இருக்கிறது, டூமைக் கழற்றினால் ஒயர் கைக்கு வருகிறது, வேலை ஐந்து நிமிடத்தில் முடிகிறது. ஆனால் பல சின்ன வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் போவது பேட்டரி மின்சாரம் அல்ல. மேக்னெட் காயிலிலிருந்து நேராக வரும் ஏ.சி. மின்சாரம். சார்ஜருக்கு வேண்டியதோ டி.சி. ஏ.சி.யில் கோத்தால் சார்ஜர் போகும், சில சமயம் போனும் போகும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான அடையாளம் ஒன்று உண்டு. என்ஜின் மெதுவாக ஓடும்போது ஹெட்லைட் மங்கி, ஆக்சிலேட்டரை முறுக்கினால் பளிச்சென்று ஏறுகிறது என்றால், அந்த ஒயர் சார்ஜருக்கு ஆகாது.

இரண்டாவது, ஹாரன் ஒயரிலோ பிரேக் லைட் ஒயரிலோ கோப்பது. அதில் வருவது டி.சி.தான், சாவியைத் திருப்பினால்தான் வரும், ஆகவே சரிதானே என்று தோன்றும். ஆனால் பல வண்டிகளில் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாவற்றுக்கும் ஒரே பியூஸ். சில வண்டிகளில் என்ஜினை ஓட வைக்கும் சப்ளையும் அதே பியூஸ் வழியாகத்தான். சார்ஜரில் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனால், போவது சார்ஜர் மட்டுமல்ல, வண்டியே நின்றுவிடும்.

மூன்றாவது, பேட்டரியிலிருந்து சாவிக்குச் சம்பந்தமில்லாமல் நேராக ஒயர் இழுத்துவிடுவது. வோல்ட் காட்டும் சிறு விளக்கோடு வரும் சார்ஜர்கள், போன் செருகாதபோதும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-அவர். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 3 ஆம்பியர்-அவர் பேட்டரி படுத்துவிடும். வாடிக்கையாளர் பேட்டரிக் கடைக்காரரைத் திட்டுவார். பேட்டரியில் குற்றமே இருக்காது.

நான்காவது, பியூஸ் போடாமல் விடுவது. இதுதான் எல்லாவற்றிலும் மோசம். பேட்டரியிலிருந்து புறப்படும் சிவப்பு ஒயர் பெட்ரோல் டாங்குக்கு அடியில் பிரேமை ஒட்டித்தான் முன்பக்கம் வருகிறது. ஹாண்டில்பாரைத் திருப்பித் திருப்பி ஒயரின் உறை தேய்ந்து இரும்பில் பட்டால், சின்ன பேட்டரிகூட ஒரே கணத்தில் பல பத்து ஆம்பியரைத் தள்ளும். மெல்லிய ஒயர் பழுத்துக் கனன்றுவிடும். மேலே இருப்பது பெட்ரோல் என்பதை நினைத்துப் பார்த்தால், பத்து ரூபாய் பியூஸின் மதிப்பு புரியும்.

நமக்கு நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு சில்லறைக் கடைக்காரர் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். உணவு பட்டுவாடா செய்யும் ஓர் இளைஞர், வேறொரு இடத்திலிருந்து வந்த பெயரில்லாப் பெட்டிச் சரக்கை அவர் கடையில் வாங்கி, தெருமுனை மெக்கானிக்கிடம் ஹாரன் ஒயரில் கோத்துக்கொண்டார். ஒரு மழை இரவில் சார்ஜர் ஷார்ட் ஆகி பியூஸ் போய் வண்டி நின்றது. ஆர்டர் போயிற்று, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலை அவர் போய் நின்றது மெக்கானிக்கிடம் அல்ல, கடைக்காரரிடம். நான்கு வாடிக்கையாளர் நிற்கும்போது, "அண்ணே, உங்களை நம்பித்தானே வாங்கினேன்?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் வேறு பீஸ் கொடுத்து அனுப்பினார். ஆனால் கெட்டுப்போன பீஸை அவர் யாரிடம் திருப்பிக் கொடுப்பது? பெட்டியில் கம்பெனிப் பெயர் இல்லை, விலாசம் இல்லை. கொண்டுவந்து போட்டவரும் அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. நூற்றிருபது ரூபாய் சரக்கில் கிடைத்த முப்பது ரூபாய் லாபத்துக்கு அவர் கொடுத்த விலை அதிகம்.

செய்ய வேண்டிய முறை

மெக்கானிக்குகளுக்கு நாம் வேலை சொல்லிக் கொடுக்க வரவில்லை. ஆனால் என்ன சாமான் வேண்டும் என்று தெரிந்தால்தான் கடைக்காரர் அதை எடுத்து வைக்க முடியும்.

பேட்டரியின் பிளஸ் முனையில் லக் வைத்து ஒயரை எடுக்க வேண்டும். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் ஹோல்டர் வர வேண்டும். பியூஸுக்குப் பின்னால் உள்ள ஒயருக்குத்தான் பாதுகாப்பு என்பதால், அதைச் சார்ஜருக்குப் பக்கத்தில் வைத்துப் பிரயோஜனமில்லை. யு.எஸ்.பி. பாயின்ட்டுக்கு 3 ஆம்பியர் பியூஸ் போதும். பெரிய வண்டியில் வட்ட சாக்கெட் வைத்தால் 10 ஆம்பியர் பியூஸும் அதற்கேற்ற தடித்த ஒயரும் வேண்டும்.

அடுத்து ரிலே. வாகன ரிலேயில் 30, 87, 85, 86 என்று நான்கு கால்கள் இருக்கும். பியூஸ் வழியாக வரும் ஒயர் 30-இல், சார்ஜருக்குப் போகும் ஒயர் 87-இல், சாவியைத் திருப்பினால் உயிர் வரும் ஒயரிலிருந்து ஒரு சிறு இணைப்பு 86-இல், மைனஸ் 85-இல். இப்படிச் செய்தால் சார்ஜரின் பாரம் பேட்டரியிலிருந்து நேராக வரும், கம்பெனி ஒயரிங்கின்மேல் ஏறாது. சாவியை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும். சில வண்டிகளில் துணைச் சாமான்களுக்கென்று கம்பெனியே ஒரு கனெக்டர் விட்டிருக்கும். அதன் அளவுக்குள் அடங்கும் சார்ஜர் என்றால் அதையே பயன்படுத்தலாம், ரிலே வேண்டாம்.

ஒயரை ஒயரோடு முறுக்கி டேப் சுற்றுவது வெயிலில் பசை இளகி மழையில் அவிழும். லக் வைத்து அழுத்தி, சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். ஹாண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடவில்லை, நசுங்கவில்லை என்று உறுதி செய்தபிறகே கட்ட வேண்டும். தண்ணீர் புகாது என்று அட்டையில் போட்டிருந்தால், அது ரப்பர் மூடி மூடியிருக்கும்போது மட்டுந்தான். போன் செருகியிருக்கும்போது மூடி திறந்துதானே இருக்கும்? மழையில் செருகாதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

போன் ஹோல்டரும் சேர்த்து விற்பவர்கள் இன்னொன்றும் சொல்லலாம். மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு போன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-இல் எச்சரித்திருக்கிறது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டரை எடுத்துக் காட்டினால் வாடிக்கையாளருக்கும் நல்லது, நமக்கும் ஒரு பொருள் கூட விற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதுவரை சொன்னது தொழில் முறை. இனிச் சொல்லப்போவது ஒவ்வொரு கடைக்காரரும் மனத்தில் பதிய வைக்க வேண்டியது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்கு இழப்பீடு கேட்பதற்கென்று தனி அத்தியாயமே அதில் இருக்கிறது. "நான் தயாரிக்கவில்லை, விற்க மட்டும்தான் செய்தேன்" என்று முன்போல் ஒதுங்கிக்கொள்ள எல்லாச் சமயத்திலும் முடியாது. விற்பவர் எப்போது பொறுப்பாவார் என்பதை 86-ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. அவற்றில் இரண்டு நமக்கு நேராகப் பொருந்தும். தயாரித்தவர் யார் என்று தெரியாத பொருளை விற்றால், அல்லது தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்க முடியாமல் போனால், விற்றவர் பொறுப்பு. பொருளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் தக்க கவனம் எடுக்காமல் விட்டாலும், ஆபத்தைப் பற்றியும் சரியான உபயோகத்தைப் பற்றியும் தயாரித்தவர் சொன்ன எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டாலும், விற்றவர் பொறுப்பு.

பெயரில்லாப் பெட்டிச் சரக்கை வைத்திருக்கும் கடைக்காரர் இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கோ தயாரான சார்ஜருக்கு, அதைத் தயாரித்தவரின் இடத்தில் அவரே போய் நிற்கிறார். ஒரு வண்டி எரிந்தால் முப்பது ரூபாய் லாபம் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், அதிகபட்ச விலை, மாதம், வருடம், புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் எந்த நாட்டில் தயாரானது என்பதும் இருக்க வேண்டும். இதையெல்லாம் அதிகாரிகளின் தொந்தரவு என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் 86-ஆவது பிரிவோடு சேர்த்துப் பார்த்தால், பெட்டியில் உள்ள அந்த விலாசம்தான் சில்லறைக் கடைக்காரருக்குக் கவசம்.

பில் விஷயத்திலும் இப்போது சாக்குச் சொல்ல இடமில்லை. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு மோட்டார் சைக்கிள் உதிரிபாகத்துக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி., சார்ஜர், ரிலே, ஒயர் போன்ற மின் சாமானுக்கு 18 சதவீதம் என்று இருந்தது. ஒரே செட்டுக்குள் இரண்டு வரி வந்து குழப்பியது. அன்று முதல் உதிரிபாகத்துக்கும் 18 சதவீதமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே செட்டாகப் போட்டுப் பில் கொடுப்பது இப்போது சுலபம். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் வரைக்கும் பில் வரிசை இருந்தால், பிரச்சினை வரும்போது அதுவே நமக்குச் சாட்சி.

வண்டிக் கம்பெனியின் வாரண்டி இன்னும் முடியாதிருந்தால் அதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட வேண்டும். வெளியில் செய்த ஒயரிங்கைக் காரணம் காட்டி, மின் கோளாறுகளுக்கு வாரண்டி தர மறுக்கக்கூடும். முதலில் ஷோரூமில் கம்பெனி பிட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள் என்று சொன்னால் ஒரு வியாபாரம் போகலாம். ஆனால் அந்த மனிதர் அடுத்த சாமானுக்கு நம்மிடமே வருவார்.

ஆட்சேபணைகளும் பதிலும்

இதைச் சொல்லும்போது சில்லறை நண்பர்கள் மூன்று ஆட்சேபணை சொல்வதுண்டு.

"வாங்குபவர் விலையைத்தான் பார்க்கிறார்" என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் விலையை மட்டும் காட்டினால் விலையைத்தான் பார்ப்பார். பியூஸ் ஹோல்டர், ரிலே, ஒயர், லக் எல்லாம் சேர்த்து நம் கணக்கில் இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள போனையும், லட்சத்தை நெருங்கும் வண்டியையும் வைத்திருப்பவரிடம், "இந்த இருநூறு ரூபாய் அவை இரண்டையும் காப்பாற்றுகிறது" என்று சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள். கேட்காதவரிடம் பியூஸாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

"ஆன்லைனில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே" என்பது இரண்டாவது. கிடைக்கட்டும். அவர்களால் பெட்டியைத்தான் அனுப்ப முடியும். வாடிக்கையாளரின் வண்டியைப் பார்த்து, "உங்கள் வண்டிக்கு ஹெட்லைட் ஒயர் ஆகாது தம்பி" என்று சொல்ல முடியாது. மின்சாமான் கடையில் பல்பை ஹோல்டரில் போட்டு எரியவிட்டுக் காட்டிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் எத்தனை காலமாக இருக்கிறது! அதே முறையில் கவுன்டரில் ஒரு 12 வோல்ட் பேட்டரியையும், வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் சிறிய யு.எஸ்.பி. மீட்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் போனையே செருகி, எத்தனை ஆம்பியர் ஏறுகிறது என்று அவர் கண்ணாலேயே பார்க்க வைத்துக் கொடுங்கள். அட்டையில் 3 ஆம்பியர் என்று போட்டுவிட்டு 1 ஆம்பியர்கூடத் தராத சரக்குகள் அங்கேயே பிடிபடும். விலை குறைப்புப் போட்டியில் பெரிய நிறுவனங்களை நாம் வெல்ல முடியாது. நேரில் சோதித்துக் கொடுப்பதில் அவர்கள் நம்மை வெல்ல முடியாது.

"பிட்டிங் மெக்கானிக் வேலை, நமக்கென்ன?" என்பது மூன்றாவது. மேலே சொன்ன இளைஞர் யாரிடம் வந்து நின்றார் என்பதே இதற்குப் பதில். கடைக்குப் பக்கத்தில் ஒயரிங் தெரிந்த ஒரு மெக்கானிக்கையாவது பழக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரிடம் அனுப்புவது நல்லது. கடைக்கும் மெக்கானிக்குக்கும் உள்ள உறவு கமிஷனோடு நின்றுவிடாமல், வேலையின் தரத்திலும் இருக்க வேண்டும்.

மொத்த வியாபாரிகள் செய்ய வேண்டியது

சில்லறைக் கடைக்காரருக்கு மட்டும் உபதேசம் செய்வது நியாயமாகாது. அவர் கடைக்கு வருவது நாம் போடும் சரக்குதான். ஆகவே பொறுப்பு நம்மிடமிருந்துதான் தொடங்க வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும், மற்ற ஊர்களின் உதிரிபாக மார்க்கெட்டுகளானாலும், மொத்த வியாபாரிகள் நான்கு காரியங்களைச் செய்யலாம் என்பது நமது யோசனை.

ஒன்று, பெயரும் விலாசமும் இல்லாத சார்ஜர், சாக்கெட் வகைகளை எந்த விலைக்கு வந்தாலும் கொள்முதல் செய்யாதிருப்பது.

இரண்டு, சார்ஜரோடு பியூஸ் ஹோல்டர், ரிலே, ஒயர், லக் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே செட்டாகக் கட்டி, அந்தச் செட்டில் நம் பெயரையே போடுவது. பெயர் போட்டால் சட்டப்படி பொறுப்பும் நம்மிடம் வரும். வரட்டும். பொறுப்பேற்கத் தயங்கும் சரக்கை அடுத்தவர் தலையில் கட்டலாமா?

மூன்று, எந்த ஒயரில் கோக்கக்கூடாது, எந்த பியூஸ் போட வேண்டும் என்பதைத் தமிழில் படத்தோடு அச்சடித்து ஒவ்வொரு செட்டுக்குள்ளும் வைப்பது. ஒரு தாளுக்கு ஆகும் செலவு சில பைசாதான்.

நான்கு, பில்லோடு திரும்பி வரும் குறையுள்ள பீஸை ஆறு மாதம் வரை கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுப்பது. சில்லறைக் கடைக்காரருக்கு இந்த உறுதி இருந்தால்தான், அவர் தன் வாடிக்கையாளருக்குத் தைரியமாக வாக்குக் கொடுக்க முடியும்.

இந்த நான்கையும் சங்கத்தின் அடுத்த செயற்குழுவில் வைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உதிரிபாகப் பிரிவு உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய கடைப் பையன்களுக்கும், ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கொண்டு அரை நாள் செயல்விளக்கம் நடத்தினால் இன்னும் நல்லது. ரிலேயின் நான்கு கால்களையும் ஒருமுறை கையில் பிடித்துக் கோத்துப் பார்த்தவர், பிறகு கவுன்டரில் தடுமாற மாட்டார்.

எல்லா வண்டியிலும் கம்பெனியே பாயின்ட் வைத்துக் கொடுக்கும் நாளில் இந்தச் சரக்கு நம் அலமாரியை விட்டுப் போய்விடும். அப்போது வேறொரு சரக்கு வரும். அதை வாங்கவும் இதே வாடிக்கையாளர் நம்மிடமே வர வேண்டுமென்றால், இப்போது அவர் வண்டி நடுவழியில் நிற்காதபடி நாம் விற்க வேண்டும்.